வலப்பக்கம் போகும் பந்து

எங்கள் வீட்டில் நானும் என் மகனும் நேரடியாகப் பேசிக்கொண்டது குறைவு. சண்டை எதுவும் கிடையாது. அவனுக்கு என்னிடம் சொல்ல வேண்டியதை அவன் அம்மாவிடம் சொல்வான். எனக்கு அவனிடம் கேட்க வேண்டியதை நான் அவளிடம் கேட்பேன். அவன் அமெரிக்கா போன பிறகும் இதே ஏற்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். அவள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கீரை ஆய்வாள். நான் பேப்பரைப் பிரித்துப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "அங்க குளிரான்னு கேளு" என்பேன். அவன் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். ஆனாலும் அவள் "அப்பா குளிரான்னு கேக்குறாங்கடா" என்று சொன்ன பிறகுதான் பதில் வரும். "ஆமான்னு சொல்லும்மா." எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் இப்படித்தான். அப்பனும் பிள்ளையும் கூடிக் குலாவுகிற வீட்டை நான் பார்த்ததில்லை, அதனால் இதில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்ததில்லை.

மாசி மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மகன் வந்தான். பதினாறாம் நாள் காரியத்தை ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் முடித்தோம். தொட்டியத்திலிருந்து வந்த சொந்தங்கள் எல்லாம் வாழைக்கு மருந்தடிக்க வேண்டும், தண்ணீர் முறை வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள். கே.கே. நகர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். அவன் கிளம்ப இன்னும் சில நாட்கள் இருந்தன. காலையில் கடையிலிருந்து இட்லி வாங்கி வருவேன். அவன் சாப்பிடுவான். "சட்னி போதுமா?" என்று கேட்பதற்கே எனக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் அவன் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சைப் பசேல் என்று ஒரு மைதானம். ஒருவர் பந்தை அடித்தார், பிறகு எல்லோரும் நடந்தார்கள். "அதென்ன தம்பி, ஒரு அடி அடிச்சிட்டு ஊர்வலம் போறாங்க?" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போன பிறகு அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "கோல்ஃப்ப்பா. நான் அங்க சனிக்கிழமை ஆடுவேன்" என்று ஆரம்பித்தான். மட்டையை எப்படிப் பிடிப்பது, ஏன் மெதுவாகத் தூக்க வேண்டும், பந்து நேராகப் போவது ஏன் அவ்வளவு கஷ்டம் என்று எழுந்து நின்று கையை வீசிக் காட்டினான். வெயில் தாழ்கிற வரைக்கும் பேசினான். முப்பது வயதுப் பிள்ளை என்னைப் பார்த்து அத்தனை நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எழுந்து போக மனமில்லை. காபி போடக்கூட எழவில்லை.

அவன் ஊருக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் என் பெயருக்கு வந்தது.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன். நீ?"

"ம். மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

அதன் பிறகு இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பேசி முடித்துவிடுவோம். போனைக் கீழே வைத்த பிறகு எனக்குச் சொல்ல நூறு விஷயம் ஞாபகம் வரும். அடுத்த வாரம் ஒன்றும் வராது. அவள் இருந்தபோது நான் ஒரு வாரமாவது அவனோடு பேசியிருக்கிறேனா என்று யோசித்தால், எனக்கே பயமாக இருந்தது. அவளோடு சேர்த்து அவனையும் காவிரியில் கரைத்துவிட்டோமோ என்று தோன்றிய நாட்கள் உண்டு.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூச்சுச் சத்தத்தைத் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன் தம்பி, அந்த கோல்ஃபை என் வயசுல கத்துக்க முடியுமா?"

"நிஜமாவாப்பா?" என்றான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்காக நான் பல்லாங்குழிகூடக் கற்றுக்கொண்டிருப்பேன்.

பத்து நாளில் கூரியர் வந்தது. ஒரு நீளமான அட்டைப் பெட்டியில் ஒரே ஒரு இரும்பு மட்டை, அதன் அடியில் ஏழு என்று பொறித்திருந்தது. கூடவே ஒரு பை நிறைய பந்துகள். "ஆரம்பிக்கறதுக்கு இது போதும்ப்பா. பந்து நேரா போற வரைக்கும் வேற எதுவும் வேண்டாம்" என்றான்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து, கல் நட்டு, இந்த ஜில்லாவின் பாதி வரப்பை நேராக்கியவன். கோணல் என்றாலே எனக்கு ஆகாது. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் சாப்பாடு இறங்காது. இதற்காக வீட்டில் நிறையப் பேச்சு வாங்கியிருக்கிறேன். ஒரு பந்தை நேராக அடிக்க முடியாதா என்ற திமிரோடுதான் இறங்கினேன்.

எங்கள் தெருவைத் தாண்டிப் போனால் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற ஒரு பொட்டல் உண்டு. செம்மண், கருவேலங்கன்று, கோணல்மாணலாக நட்ட கல். முன்பக்கத்தில் வரிசையாகக் கலர் கொடி கட்டியிருப்பார்கள். காலை வெயில் கண்ணில் படாமலிருக்க, வடக்கே பார்த்து நின்றுகொள்வேன். எதிரே தூரத்தில் இருந்த மஞ்சள் கொடிதான் குறி. முதல் வாரம் பந்து மேலே எழும்பவே இல்லை. மண்தான் எழும்பியது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "பாம்பா சார்?" என்று அக்கறையோடு கேட்டார்.

பிறகு எழும்பத் தொடங்கியது. எழும்பிய பந்து நேராகப் போகவில்லை. கிளம்பும்போது ஒழுங்காகக் கிளம்பி, பாதி தூரம் போனதும் மனசு மாறியதுபோல வலப்பக்கம் திரும்பிக் கருவேலங்கன்றுகளுக்குள் போய் விழும். போனை ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுத்து அனுப்பினேன். மறுநாளே அவன் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"இதுக்குப் பேர் ஸ்லைஸ்ப்பா. எல்லாருக்கும் வர்றதுதான். மட்டையோட முகம் திறந்து வருது, அதான் வலது பக்கம் சுத்துது. கிரிப்பை மாத்துங்க. இடது கையை இன்னும் மேல திருப்பிப் பிடிங்க. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு பள்ளம் வரும் பாருங்க. அது உங்க வலது தோளைப் பாக்கணும்."

"எந்தப் பள்ளம்?"

அவன் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். எனக்கு விளங்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தர்ப்பணம் பண்ணும்போது எள்ளுந்தண்ணியை விடுவோமே, அந்த வழியா?" என்றேன்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து, ஐயர் சொல்லச் சொல்ல அந்த வழியாகத்தான் அவன் தன் அம்மாவுக்குத் தண்ணீர் விட்டான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமாப்பா" என்றான். "அந்த வழிதான்."

அன்றைக்கு நாங்கள் அவளைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். ஆனால் பேசினோம் என்றுதான் நான் வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் எனக்கு நல்ல காலம். இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெண்டாட்டி போய் அரை வருஷம்கூட ஆகாதவன் சொல்கிற பேச்சா இது? ஆனால் உண்மை அதுதான். தினமும் பொட்டலில் அடிப்பேன், நல்லதாகப் பார்த்து ஒரு வீடியோ அனுப்புவேன், அவன் பதில் சொல்வான். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கச் சொன்னான். அக்குளில் துண்டை இடுக்கிக்கொண்டு, அது விழாமல் அடிக்கச் சொன்னான். அடித்து முடித்ததும் நெஞ்சு இலக்கைப் பார்க்க வேண்டும் என்றான். நான் அவ்வளவையும் செய்தேன். பந்து அப்போதும் வலது பக்கமே போனது.

"இன்னுமா? விசித்திரமா இருக்கேப்பா" என்பான். "நீங்க மட்டையை வீசற ஸ்விங் நல்லாத்தான் இருக்கு. சரி, கிரிப்பை இன்னும் கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினேன். இன்னும் திருப்பினேன். இடது மணிக்கட்டு வலித்து, ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். அவன் சொன்னதைச் செய்து வந்த வலி என்பதால் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆடிப் பெருக்கன்று ஸ்கூட்டரில் தனியாக ஸ்ரீரங்கம் போனேன். வருஷா வருஷம் அவள் பின்னால் உட்கார்ந்து, மடியில் காவிரிக்குப் படைக்கக் காதோலைக் கருகமணியும் பழமும் வைத்துக்கொண்டு வருவாள். காவிரிப் பாலத்தின் மேல் ஏறியதும் மேற்கிலிருந்து காற்று ஆளைத் தூக்கியது. வண்டியை இடது பக்கம் சாய்த்துப் பிடித்தபடியே பாலத்தைக் கடந்தேன். முன்னால் போன எல்லா வண்டிகளும் அப்படித்தான் சாய்ந்து போயின. எங்கள் ஊரில் ஆடி மாதம் நேராகப் போவதென்றால் அப்படித்தான் போக வேண்டும், அதற்காக யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பந்து ஏன் வலது பக்கம் போகிறது என்று கண்ணாடி முன்னால் நின்று மணிக்கட்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன். இத்தனைக்கும் நிலம் அளந்த காலத்தில் காற்றில் சங்கிலி ஆடுகிறது என்று வேலையாட்களைத் திட்டித் தீர்த்தவன் நான்.

ஆவணியில் ஒருநாள் பந்து நேராகப் போனது. மஞ்சள் கொடிக்கு நேர் எதிரே போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். என்னையும் அறியாமல் திரும்பி, சொல்ல ஆள் தேடினேன். ஒரு தெருநாய்தான் நின்றுகொண்டிருந்தது. வீடியோவை அனுப்பினேன். அவன் போனில் கைதட்டினான். "சூப்பர்ப்பா! அவ்வளவுதான், இனிமே இதையே பிடிச்சுக்கங்க. மாத்தவே மாத்தாதீங்க."

சந்தோஷம் இரண்டு வாரம் இருந்தது. மூன்றாவது வாரம் போன் வந்தபோது சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"பந்து எப்படிப் போகுது?"

"நேராப் போகுது."

"சூப்பர். சாப்டீங்களா?"

நாங்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். அன்றைக்கு மட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நேராகப் போகிற பந்தைப் பற்றிப் பேச உலகத்தில் ஒரு விஷயமும் இல்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பதினைந்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை. வெளுத்த ஒரு காலையில் மட்டையை எடுத்துக்கொண்டு போனேன். செம்மண் நனைந்து காலில் அப்பியது. முதல் பந்தை அடித்தேன். இடது பக்கம் போனது. சும்மா இல்லை, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதுபோல இடது கோடிக்கு ஓடியது. அடுத்ததும் இடது. ஒரு பந்துகூட மஞ்சள் கொடியின் பக்கம் போகவில்லை. அவன் பிடித்துக்கொள்ளச் சொன்ன அதே பிடி, அக்குளில் அதே துண்டு.

களைத்துப்போய்க் கல்லின் மேல் உட்கார்ந்து கொடிகளைப் பார்த்தேன். எல்லாம் கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அவை அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வைகாசியிலிருந்து அந்தக் கொடியைத்தான் குறிவைத்து அடித்தேன், அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. கிழக்கே பறந்தது. என் வலது கைப்பக்கம். பாதிக் கோளாறு என்னுடையது, அதை எப்போதோ சரிசெய்துவிட்டிருக்கிறேன். மீதிப் பாதி மேலைக்காற்று. அதையும் என் கோளாறு என்று நினைத்து, கையைத் திருகித் திருகி ஒரு காற்றுக்காலத்துக்கு ஏற்றபடி ஸ்விங்கைச் செய்து வைத்திருக்கிறோம், அப்பனும் பிள்ளையும் சேர்ந்து.

யாராவது அப்போது என்னைப் பார்த்திருந்தால் கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். அத்தனை சந்தோஷம் எனக்கு. எல்லாம் தப்பு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், பிடியை அவிழ்க்க வேண்டும், மணிக்கட்டைப் பழக்க வேண்டும். அடுத்த ஆடி வரைக்கும் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கொடி தொங்கியதை முதலில் சொல்லக் கூடாது, பந்து இடது பக்கம் ஓடியதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அவனே கண்டுபிடிக்கிறானா பார்க்க வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். போன் வந்தது. அவனுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. பாத்திரம் கழுவுகிற சத்தம் பின்னால் கேட்டது. யோசித்து வைத்ததை எல்லாம் மறந்து ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. "காத்தா? அட ஆமால்ல! ஆடில நம்மூர்ல காத்தடிக்கும்ல! எனக்கு ஞாபகமே வரலப்பா. உங்க வீடியோல ஒரே புஸ்ஸுன்னு சத்தமா, நான் எல்லாத்தையும் மியூட்ல போட்டுத்தான் பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. சின்னப் பிள்ளையில் மொட்டை மாடியில் நின்று அந்தக் காற்றில்தான் பட்டம் விட்டான். புத்தகம் பறக்கிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொல்லி அம்மாவோடு மல்லுக்கட்டினான். ஆனால் அவனைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை? காற்றுக்குள்ளேயே நின்ற எனக்குத் தெரியவில்லை, கடல் தாண்டி இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

"சரி, இப்ப எப்படிப் பிடிக்கணும் சொல்லு" என்றேன். பேப்பரும் பேனாவும்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இதுக்குன்னே இப்ப ஒரு ஆப் வந்திருக்கு. நீங்க வீடியோ போட்டா போதும், கிரிப், முழங்கை, தலை, எல்லாத்தையும் அதுவே பாத்து உடனே சொல்லிடும். நான்லாம் அதைத்தான் யூஸ் பண்றேன். என்னை மாதிரி ரெண்டு நாள் கழிச்சு சொல்லாது. நீங்க எனக்காக வெயிட் பண்ணிட்டு இருக்கீங்களேன்னு எனக்கே கஷ்டமா இருக்குப்பா. லிங்க் அனுப்பறேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் சிரமத்தைக் குறைக்கத்தான் சொன்னான். காத்திருந்ததுதான் எனக்கு வேலையே என்று எப்படிச் சொல்வது? அவள் இருந்தால் சொல்லியிருப்பாள். "அப்பாவுக்கு உன்கிட்ட பேசணும்டா, மட்டையும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம்" என்று ஒரே வரியில் முடித்திருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. "சரிப்பா, அனுப்பு" என்றேன்.

அந்த ஆப் அவன் சொன்னது போலத்தான் இருந்தது. வீடியோ போட்ட மறுநிமிஷம் பதில் வரும். உடம்பில் கோடு கோடாகப் போட்டுக் காட்டும். தப்பான இடம் சிவப்பு, சரியான இடம் பச்சை. ஒரு பெண் குரல் இங்கிலீஷில் என்னைப் பாராட்டும். அவனைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்தது. மார்கழி முடிவதற்குள் கையின் திருகல் போய், தையில் பந்து கொடிக்கு நேராகப் போனது, காற்றின் தயவில்லாமல். யாருக்கும் சொல்லவில்லை.

மாசியில் அவளுக்கு வருஷத் திதி வந்தது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்குப் பதிலாக நானே அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து செய்தேன். ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை. வீட்டுக்கு வந்து அவனுக்கு போட்டோ அனுப்பினேன். கும்பிடுகிற கைப் படம் ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் காலை பொட்டலுக்குப் போனேன். போனைக் கல்லில் சாய்த்து வைத்தேன். இடது கையைத் தளர்த்தி, மட்டையின் முகத்தை நன்றாகத் திறந்து, முழங்கையை விலாவைவிட்டு அகற்றி, அவன் செய்யாதே என்று சொன்ன எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்து ஒரு அடி அடித்தேன். பந்து வளைந்து வளைந்து வலது கோடியில் வேலியைத் தாண்டி, வேறு யாரோ வாங்கிப்போட்ட மனைக்குள் போய் விழுந்தது. அதைவிடக் கோணலாக மனுஷன் அடிக்க முடியாது. அந்த வீடியோவை ஆப்பில் போடவில்லை. அவனுக்கு அனுப்பினேன். "மறுபடி என்னமோ ஆயிடுச்சு தம்பி, பாரு" என்று எழுதலாமா என்று நினைத்து, வேண்டாம், பார்த்தாலே தெரியும் என்று வெறும் வீடியோவை மட்டும் அனுப்பினேன்.

அன்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவன் வேலைக்குப் போயிருப்பான், வந்திருப்பான், சாப்பிட்டிருப்பான் என்று அவன் ஊர் நேரத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் விடிந்து பால் வாங்க வாசலுக்குப் போகும்போது பதில் வந்திருந்தது. கட்டைவிரல் படம் ஒன்று. அதன் கீழே, "செம ஷாட்ப்பா! இப்ப நல்லா நேரா போகுது."

பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே "தேங்க்ஸ்" என்று பதில் போட்டேன்.